லெம்பாவிலிருந்து வந்த அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியானால் ஸமீராவுக்கு ஒரு வேலை இருந்தது. ஓடுகிற வேலை.

யாங்கோன் நகரத்தில், பபேடான் பகுதியின் குறுகலான தெரு ஒன்றில், அவள் குடியிருந்த கட்டடத்துக்கு ஏழு மாடி. லிஃப்ட் கிடையாது. ஸமீராவின் வீடு இரண்டாம் மாடியில். ஹயாத்தியின் வீடு ஏழாம் மாடியில். ஞாயிறு இரண்டு மணிக்கு ஹயாத்தியின் அம்மா ஊரிலிருந்து ஸமீரா வீட்டுப் போனுக்கு அழைப்பார். உடனே ஸமீரா மேலே ஓடி, "உங்க அம்மா!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்னு சொல்றது லேசு," என்பாள் ஸமீரா. "அஞ்சாவது மாடியில ஒரு நாய் இருக்கு. அதுக்கு என்னை மட்டும் பிடிக்காது."

இருவருக்கும் பதினொரு வயது. ஹயாத்தி மலாய்ப் பெண். பர்மாவின் தெற்குக் கோடியில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கம்போங் லெம்பா அவளுடைய ஊர். நாற்பது வீடுகள்தான். பொக்பியின் வரை ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் போக வேண்டும். அங்கிருந்து ஆற்றில் நான்கு மணி நேரம் படகு. "அதுக்கப்புறம் கொஞ்சம் நடக்கணும்," என்பாள் ஹயாத்தி. அவளுடைய 'கொஞ்சம்' எவ்வளவு என்று ஸமீரா கேட்டதில்லை.

அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால்தான் ஏப்ரல் மாதம் அவளை யாங்கோனில் இருக்கும் சித்தி சல்மாவிடம் அனுப்பினார்கள். ஜூனில் ஸமீராவின் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்வதாக ஏற்பாடு. சல்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறும் வேலை உண்டு. போனையும் கையோடு கொண்டுபோய்விடுவார்.

"எங்க வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்க, சல்மா," என்று ஸமீராவின் உம்மா ருக்சானாதான் சொன்னார். "எங்க வீட்ல ஒரு குதிரை சும்மாதான் நிக்குது."

குதிரை என்றது ஸமீராவை.

லெம்பாவுக்குள் போன் எடுக்காது. ஊருக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு முந்திரி மரம். அந்த மரத்தடியில் நின்றால் மட்டும் போனில் இரண்டு கோடு தெரியும். ஹயாத்தியின் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றரை மணி நேரம் ஏறி அங்கே வருவார். ஹயாத்தி கீழே ஓடிவந்து போனைக் காதில் வைத்து, "மக்!" என்பாள். மலாயில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு இருவரும் கடகடவென்று மலாயில் பேசுவார்கள்.

"உங்க அம்மா எப்பப் பாத்தாலும் 'மாக்கான்', 'மாக்கான்'னு சொல்றாங்களே, அப்படின்னா?" என்று ஒருமுறை ஸமீரா கேட்டாள்.

"சாப்பிட்டியான்னு."

ருக்சானா சிரித்துவிட்டார். "எந்த ஊர் அம்மாவா இருந்தா என்ன, கேள்வி ஒண்ணுதான்."

தோழிகள் இருவரும் பேசிக்கொள்வது பர்மியில். ஸமீராவுக்கு வீட்டில் தமிழ்தான் என்றாலும், நாக்கில் வேகமாக ஓடுவது பர்மிதான். மாடிப்படியில் உட்கார்ந்து ஹயாத்தி ஊர்க்கதை சொல்வாள்.

"மழைக்காலத்துல ஆறு எங்க வீட்டுக்கு அடியில வந்துடும்."

"வீட்டுக்குள்ளயா?"

"அடியில. வீடு தூண் மேல நிக்குது. நான் தரைப் பலகை இடுக்குல தூண்டில் விடுவேன்."

"மீன் மாட்டுமா?"

"ஒரு தடவை வாத்து மாட்டிச்சு," என்றாள் ஹயாத்தி. "எங்க வாத்துதான்."

ஸமீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க ஊர்ல பெரிய பசங்க எல்லாம் என்ன செய்வாங்க?"

"பாக்கு உரிப்பாங்க. இல்லன்னா தாய்லாந்து போயிடுவாங்க. எங்க அண்ணன் அங்க இறால் உரிக்கிறாரு." ஹயாத்தி கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுமே உரிக்கிறதுதான்."

"நீ?"

"நான் பத்தாவது வரைக்கும் படிப்பேன். அப்புறம் திரும்பிப் போய் எங்க ஊர்லயே ஆறாவது சொல்லிக் குடுப்பேன். ஊர்லயே ஆறாவது இருந்தா யாரும் அம்மாவை விட்டுட்டு வர வேணாம் பாரு."

அதைச் சொல்லும்போது அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. சரியான வெக்கை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. உம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். வாப்பா பர்கத்துல்லா கீழே தன் பாக்குக் கடையில் இருந்தார். இரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தபோது தெருவே கத்தியது.

"மீ லா பி! மீ லா பி!"

கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஸமீரா பாய்ந்து மின்விசிறியைப் போட்டாள், போனைச் சார்ஜில் செருகினாள், விளையாட்டைத் திறந்தாள். ஒரு பூனை படகுக்குப் படகு தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். முப்பத்தொன்றாவது கட்டத்தில் அந்தப் பூனை ஒன்பது நாளாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. இன்று விழவில்லை. பத்துப் படகு தாண்டியது. இருபது தாண்டியது. கடைசிப் படகுக்கு முன்னால் நின்று வாலை ஆட்டியது.

போன் மணி அடித்தது.

பூனை மறைந்து திரையில் எண் வந்தது. ஹயாத்தியின் அம்மா.

"ஹலோ," என்றாள் ஸமீரா. குரலில் எரிச்சல்.

"ஹயாத்தி... கூப்பிடு." அம்மாவுக்குப் பர்மி சரளமாக வராது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பார். "இன்னிக்குக் கட்டாயம் பேசணும்."

ஐந்து மாடி ஏறவேண்டும். நாய் குரைக்கும். திரும்பி வருவதற்குள் கரண்ட் போனாலும் போய்விடும்.

"ஹயாத்தி வீட்ல இல்ல," என்றாள் ஸமீரா.

"எங்க போச்சு?"

"வெளிய. எப்ப வருவாள்னு தெரியாது."

மறுபக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது.

"நீ ஸமீராதானே? ஹயாத்தி உன்னைப் பத்திச் சொல்லும். ஸமீரா... ஹயாத்தி அங்க சந்தோஷமா இருக்குதா? சிரிக்குதா?"

"ஆமா. நல்லாச் சிரிப்பா."

"அங்கேயே இருக்கப் பிடிச்சிருக்குதா?"

"ஆமா, ஆமா. ரொம்ப."

'ரொம்ப' என்று அம்மா ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி. நல்லது," என்றார். போன் அடங்கியது.

பூனை கடைசிப் படகுக்குத் தாவியது. கரை ஏறியது. திரையெல்லாம் வண்ணக் காகிதம் கொட்டியது. ஒன்பது நாள் காத்திருந்த வெற்றி. ஆனால் ஏனோ அது ஸமீராவுக்கு அவ்வளவாக இனிக்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து ஹயாத்தியே இறங்கி வந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலை சீவியிருந்தாள். போனில் முகம் தெரியாது என்றாலும் அம்மாவோடு பேசுவதற்கு அவள் அப்படித்தான் வருவாள்.

"அம்மா கூப்பிடலையா?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'கூப்பிட்டாங்க, நான்தான் சோம்பல்பட்டுட்டேன்' என்று சொல்லக் கால் நிமிடம்கூட ஆகாது. ஸமீரா வாயைத் திறந்தாள்.

"இல்லையே," என்றது அவள் வாய்.

"அப்போ லேட்டா வருவாங்க. நான் இருக்கேன்."

ஹயாத்தி வாசற்படியில் உட்கார்ந்தாள். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் தனக்கா கோடு கோடாக வழிந்தது. திரும்பி வந்த ருக்சானா அவளுக்குத் தேநீரும் ரவைக் கேக்கும் கொடுத்தார். அவள் கேக்கைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு மேலே போனாள்.

அன்று மாலை மழை பிடித்தது. அந்த வருடத்தின் முதல் மழை.

அடுத்த ஞாயிறு ஒரு மணிக்கே ஸமீரா போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளையாட்டைத் தொடவில்லை. இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சல்மா முயன்று பார்த்தார். தொடர்பு கிடைக்கவில்லை. தெற்கே பேய்மழை என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பள்ளி திறந்தது. வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி உடுத்தி இருவரும் ஒன்றாகப் போனார்கள். ஹயாத்தி ஊர்க்கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் சல்மா படியிறங்கும்போது ருக்சானாவிடம் சொன்னதை ஸமீரா கேட்டாள்.

"ராவெல்லாம் குழாயைச் சொட்ட விட்டுட்டுத்தான் தூங்குது. கேட்டா, தண்ணிச் சத்தம் வேணுமாம். ஏழாவது மாடிக்கு மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்துற கஷ்டம் எனக்குத்தானே தெரியும்? திட்டவும் மனசு வரல."

மூன்றாவது ஞாயிறும் அழைப்பில்லாமல் போனது. மறுநாள் பள்ளி விட்டு வந்து படியேறும்போது ஹயாத்தி இரண்டாம் மாடியில் நின்றுவிட்டாள்.

"எனக்குக் காரணம் தெரிஞ்சிடுச்சு," என்றாள்.

ஸமீரா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன?"

"அம்மா என் மேல கோவமா இருக்காங்க. கடைசியாப் பேசினப்ப நான் சீக்கிரம் வெச்சிட்டேன். அவங்க இன்னும் ஏதோ சொல்ல வந்தாங்க. நான்தான், ஸமீரா காத்திருக்கா, விளையாடப் போகணும்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் ஸமீராவால் தாங்க முடியவில்லை.

"உங்க அம்மாவுக்குக் கோவம் இல்ல. அவங்க கூப்பிட்டாங்க. அந்த முதல் ஞாயித்துக்கிழமை. நான்தான்... நீ வீட்ல இல்லன்னு சொல்லிட்டேன்."

"நான் வீட்லதானே இருந்தேன்?"

"தெரியும். நான் விளையாடிட்டு இருந்தேன். படி ஏறணுமேன்னு..."

ஹயாத்தி கத்தவில்லை. அவளைத் தள்ளவில்லை. "அம்மா குரல் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"மூச்சு வாங்கிச்சு. இன்னிக்குக் கட்டாயம் பேசணும்னாங்க. நீ சந்தோஷமா இருக்கியா, இங்கேயே இருக்கப் பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொன்னேன்."

"நீ என்னைக் கேட்டியா?"

ஸமீரா தலை குனிந்தாள்.

"ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா, ஸமீரா?"

ஹயாத்தி படியேறிப் போனாள். ஏழாவது மாடியில் கதவு மூடும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் ஸமீரா வாப்பாவிடமும் உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். வாப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். உம்மா திட்டுவார் என்று ஸமீரா எதிர்பார்த்தாள். உம்மா திட்டவில்லை.

"அந்தம்மா குன்னு ஏறி வந்தாங்க," என்றார். "நீ மாடி ஏறல."

பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸமீரா பால்கனியில் போய் நின்றாள். போன் போகாது. பஸ்ஸில் ஏறிப் போக அவளுக்கு வயதில்லை. கீழே வாப்பாவின் கடை வாசலில் பாக்கு மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கியிருந்தன. அவள் தினமும் பார்க்கிற மூட்டைகள்தான். இன்று அவற்றையே உற்றுப் பார்த்தாள்.

"வாப்பா! இந்தப் பாக்கெல்லாம் எங்கேயிருந்து வருது?"

"எல்லாம் தெக்கேயிருந்துதான். மெர்குயி, பொக்பியின்... ஏன்?"

"பொக்பியின்லேயிருந்து யாரு கொண்டு வருவா?"

பர்கத்துல்லாவுக்கு அவள் எண்ணம் புரிந்துவிட்டது. "பீர் முகைதீன் லாரி நாளை மறுநாள் காலையில திரும்புது. அவர்கிட்டக் குடுத்தா பொக்பியின் பாக்கு மண்டி வரைக்கும் போகும். அங்கேயிருந்து ஆத்துப் படகுக்காரங்க கொண்டு போவாங்க. லெம்பா பாக்கும் அந்தப் படகுலதான் வரும். கடுதாசி எழுதும்மா."

ஸமீரா எழுதினாள். ஐந்து தாள் கிழித்துப் போட்ட பிறகு ஆறாவது தாளில் இப்படி நின்றது:

'அம்மாவுக்கு ஸமீரா எழுதுவது. அன்று ஹயாத்தி வீட்டில்தான் இருந்தாள். படி ஏறச் சோம்பல்பட்டு நான்தான் கூப்பிடவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றும் நான்தான் சொன்னேன். அவளிடம் கேட்காமல் சொன்னேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை மன்னியுங்கள்.'

தன் கடிதம் மட்டும் போனால் போதாது, ஹயாத்தியும் எழுத வேண்டும். ஆனால் கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள். பள்ளியிலும் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். மேலே ஒரு மணி. பேப்பர் போடுகிறவரும் ரொட்டிக்காரரும் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர்கள் தூக்கிக்கொள்வார்கள். ஏழாம் மாடிக் கயிறு ஸமீராவின் பால்கனியை ஒட்டித்தான் தொங்கியது. அவள் தன் கடிதத்தை அதில் மாட்டினாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நாளை காலை ஆறரை மணிக்கு லாரி போகிறது. என் கடிதத்தை நீ படித்துப் பார். உன் கடிதத்தையும் வை.'

கயிற்றை இழுத்துவிட்டு உள்ளே ஓடி, ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கயிறு ஆடியது. மெல்ல மேலே போனது.

காலையில் லாரி எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. கயிறு இறங்கவே இல்லை. பீர் முகைதீன் மூட்டைகளை இறக்கிய லாரியின் கதவைச் சாத்தினார்.

"பீர் மாமா, ரெண்டு நிமிஷம்!"

"ரெண்டு நிமிஷம்னு சொல்லி இது நாலாவது தடவை," என்றார் அவர்.

அப்போது தலைக்கு மேலே மணி கிணுங்கியது. கயிறு சரசரவென்று இறங்கியது. கிளிப்பில் இரண்டு கடிதங்கள். ஒன்று ஸமீராவுடையது. இன்னொன்று நான்காக மடித்து, விளிம்பு முழுவதும் ஒட்டியது.

"பத்திரம், மாமா."

"பாக்குச் சாக்குல சுத்திக் கொண்டு போறேன். போய்ச் சேரும்போது கடுதாசிக்குப் பாக்கு வாசம் அடிக்கும். பரவால்லையா?"

"அவங்களுக்கு அந்த வாசம் பிடிக்கும்," என்றாள் ஸமீரா.

பதில் வரப் பதினேழு நாட்கள் ஆயின. அந்தப் பதினேழு நாளில் ஹயாத்தி அவளிடம் இரண்டு முறை பேசினாள். ஒருமுறை "ரப்பர் குடு" என்றாள். இன்னொருமுறை "இந்தா உன் ரப்பர்" என்றாள்.

பீர் முகைதீன் கொண்டுவந்த கவரை ஸமீரா பிரிக்கவில்லை. ஏழு மாடியையும் ஒரே மூச்சில் ஏறிக் கதவைத் தட்டினாள். ஐந்தாம் மாடி நாய் குரைத்ததுகூட அவள் காதில் விழவில்லை.

"உங்க அம்மா கடுதாசி!"

கதவு திறந்தது. ஹயாத்தி நின்றபடியே படித்தாள். அம்மாவுக்குப் பர்மி எழுத வராததால் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். படித்து முடித்ததும் அவள் அதை ஸமீராவிடம் நீட்டினாள். ஸமீரா வாசித்தாள்.

'மகளே, நாங்கள் எல்லோரும் சுகம். மழையில் குன்றுப் பாதை சரிந்துவிட்டது. மழை நிற்கும் வரை முந்திரி மரத்துக்கு ஏற முடியாது. அதனால்தான் அழைக்கவில்லை.

'நம் ஊருக்கு இந்த வருடம் ஆறாம் வகுப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெயர் கேட்டார்கள். மறுநாள் காலைப் படகில் பட்டியல் போக வேண்டும். நீ இங்கே வந்து படிக்கிறாயா என்று கேட்கத்தான் அழைத்தேன். நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் உன் பெயரைக் கொடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலிருந்து உன்னைப் பிடுங்க வேண்டாம் என்று நினைத்தேன்.

'உன் கடிதம் வந்ததும் ஆசிரியரிடம் ஓடினேன். இந்த வருடம் இனிச் சேர்க்க முடியாதாம். அடுத்த ஜூனில் இங்கே ஏழாம் வகுப்பும் வருமாம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. ஆசிரியர் இப்போதே எழுதிவிட்டார்.

'வகுப்பில் பதினாறு பிள்ளைகள். புத்தகம் மழை முடிந்துதான் வருமாம். ஆசிரியர் ஞாபகத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்.

'ஸமீராவிடம் சொல். எழுதியதற்கு நன்றி. எனக்கும் அந்தக் குன்று ஏறப் பிடிக்காது.'

ஸமீராவுக்குக் கடைசி வரி மங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறாவது வந்துடுச்சு," என்றாள் ஹயாத்தி மெதுவாக. "எங்க ஊருக்கு ஆறாவது வந்துடுச்சு. நான் மட்டும் அங்க இல்ல."

"என்னை மன்னிச்சுக்கோ, ஹயாத்தி."

"மன்னிச்சா இந்த வருஷம் திரும்ப வருமா?"

"வராது," என்றாள் ஸமீரா.

ஹயாத்தி கடிதத்தை வாங்கி மடித்தாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. ஸமீரா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

ஆறாம் மாடிக்கு வந்ததும் நின்றாள். ஒரு வருடத்தைத் திருப்பித் தர அவளால் முடியாது. அது உண்மை. ஆனால் புத்தகம் இல்லை என்று எழுதியிருந்ததே? அவள் ஆறாம் மாடிக் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல பழைய ஆறாம் வகுப்புப் புத்தகம் இருக்கா?"

அங்கே மூன்று கிடைத்தன. ஐந்தாம் மாடியில் நாய்தான் முதலில் வந்தது. "நீ இல்ல, புத்தகம்தான் வேணும்," என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு அதனிடம் சொன்னாள் ஸமீரா. நாய் வீட்டுப் பாட்டி அலமாரிக்கு மேலிருந்து ஒரு கட்டாகவே எடுத்துக் கொடுத்தார். மறுநாள் எதிர்க் கட்டடம். அதற்கு மறுநாள் பக்கத்துத் தெரு. ஒரு வாரத்தில் இருபத்திரண்டு புத்தகங்கள் சேர்ந்தன. அரிசிச் சாக்கில் போட்டு ஏழாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன இது?" என்றாள் ஹயாத்தி.

"உங்க ஊருக்கு. பீர் மாமா லாரி வர்ற புதன்கிழமை போகுது."

ஹயாத்தி சாக்கைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இதுல பாதி கிழிஞ்சிருக்கு."

"ஒட்டலாம்."

"கணக்குப் புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"பாத்து எழுதலாம். எங்கிட்ட நோட்டு இருக்கு."

"பதினாறு பேருக்கா?"

ஸமீரா தன் விரல்களைப் பார்த்தாள். "கை வலிக்கிற வரைக்கும். அப்புறம் மிச்சத்தை அடுத்த லாரிக்கு."

ஹயாத்தி அவளையே பார்த்தாள். பிறகு கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"பசை கொண்டாந்தியா?"

"இல்லையே!"

"அப்போ போய் எடுத்துட்டு வா," என்றாள் ஹயாத்தி. ஸமீரா மறுபடியும் ஐந்து மாடி இறங்கி, மறுபடியும் ஏறினாள்.

புதன்கிழமை வரை தினமும் பள்ளி விட்டதும் இருவரும் எழுதினார்கள். சல்மா வேலை முடிந்து வந்து அட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். முதலில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் 'அந்தப் பக்கம் முடிஞ்சுதா', 'ஸ்கேலைக் குடு' அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஹயாத்தி தானாகப் பேசினாள்.

"அடுத்த ஜூன்ல நான் போயிடுவேன்."

"தெரியும்," என்றாள் ஸமீரா.

அந்த ஜூன் மெதுவாக வரட்டும் என்று அவள் மனம் நினைத்தது. அடுத்த நொடியே, எத்தனை ஞாயிறுகள் இந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் என்பது ஞாபகம் வந்தது. குனிந்து பின்னக் கணக்கை எழுதத் தொடங்கினாள்.

புதன்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. ஒரு புத்தக மூட்டை, முதல் இரண்டு பாடம் எழுதிய பதினொரு கணக்கு நோட்டு. பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டிய பார்சலின் மேல் ஸமீரா எழுதினாள்: 'கம்போங் லெம்பா பள்ளி, ஆறாம் வகுப்பு. அனுப்புபவர்: ஹயாத்தி.'

ஹயாத்தி அதைப் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் 'ஸமீரா' என்று சேர்த்தாள். அதோடு விடாமல், கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் எழுதினாள்: 'படிக்க முடியாத கையெழுத்து இவளுடையது.'

"ஏய்!" என்றாள் ஸமீரா.

"பின்ன? அவங்க என்னைத் தப்பா நினைச்சுக்கக் கூடாது இல்ல?"

பீர் முகைதீன் பார்சலைத் தூக்கித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். லாரி உறுமிக்கொண்டே தெருமுனை திரும்பும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் பள்ளி மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது. அன்று இருவரும் சேர்ந்தே தாமதமாக வகுப்புக்குள் நுழைந்து, சேர்ந்தே திட்டு வாங்கி, ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.